தொட்டிக்குள் ஒரு அபயக் குரல்

“சாட்டிலைட் பொய் சொல்லாது மேடம். இந்த இடத்துலதான் ஒரு படகு மூழ்கியிருக்கு.”

ஃபிரானே குப்புறப் படுத்துத் தொட்டிக்குள் தலையை நீட்டியிருந்தான். மலைச்சரிவில் கைவிடப்பட்ட ஒரு திராட்சைத் தோட்டம். அதன் நடுவில் கல் கட்டிய மழைநீர்த் தொட்டி. மூடி என்றைக்கோ துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. கடல் எங்கோ கீழே, தீவின் மீனவ ஊரான கொமிஷாவின் ஓட்டுக் கூரைகளுக்கு அப்பால் பளபளத்தது.

“பயணிகள்?” என்றாள் வின்கா.

“ரெண்டு தவளை. ரெண்டும் நலம். கேப்டன் யாருன்னு கேட்டா ஒண்ணையொண்ணு கை காட்டுது.”

வின்கா சிரிக்கவில்லை. துறைமுகக் காவலில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஸ்பிலிட் நகரில் தனியாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துபவள் அவள். உதவியாளன் ஃபிரானேயின் வாயை மூட வழி கண்டுபிடிப்பது மட்டும் இன்னும் அவளால் முடியாத வழக்கு.

நடந்தது இதுதான். கோடைத் தொடக்கத்தில், தோஞ்சி என்ற மீனவன் தனியாகப் படகெடுத்துப் போனான். வெயில் நாளில் திடீரென்று கிளம்பும் புயலை இந்தத் தீவில் நெவேரா என்பார்கள். அது அவனைப் பிடித்துக்கொண்டது. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. ஒரேயொரு மீன்பெட்டி மட்டும் மேற்கே மிதந்து வந்தது. படகு மூழ்கினால் தானே விடுபட்டு மிதந்து, வானத்துச் செயற்கைக்கோளைக் கூப்பிட வேண்டிய அபயக் கருவி அன்று ஒரு முணுமுணுப்புகூட எழுப்பவில்லை. கருவி ஏமாற்றிவிட்டது என்று ஊர் பேசி ஓய்ந்தது.

நேற்று விடிகாலையில் அந்தக் கருவி கூப்பிட்டது.

அதே எண். அதே படகின் பெயர். மீட்புக் கப்பல் அலறியடித்துக்கொண்டு கிளம்பி, பாதி வழியில் குழம்பி நின்றது. குரல் கடலிலிருந்து வரவில்லை. மலையிலிருந்து வந்தது. ஆட்கள் ஏறி வந்து பார்த்தபோது, இந்தத் தொட்டியில் அது மிதந்துகொண்டு விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. தோஞ்சியின் மனைவி டோப்ரிலா செருப்புகூடப் போடாமல் மலையேறி ஓடிவந்து, “எங்கே அவன்? எங்கே?” என்று புதர் புதராகத் தேடினாளாம். போலீசார் யாரோ செய்த விஷமம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். அவள் வின்காவுக்குப் போன் செய்தாள்.

“பொத்தானை அமுக்கினது யாருன்னு தெரிஞ்சா முடிஞ்சுது மேடம்,” என்றான் ஃபிரானே, எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு.

“அது தெரியும்.”

“தெரியுமா? யாரு?”

“மழை.”

ஃபிரானே அவளைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான்.

“தண்ணி மேல என்ன மிதக்குது பாரு,” என்றாள் வின்கா. “காஞ்ச அத்தி இலை. ஒண்ணுகூட இன்னும் ஊறிக் கீழே போகலை. இந்தத் தண்ணிக்கு ரெண்டு நாள் வயசுதான். கோடை முழுக்க இந்தத் தீவுல ஒரு சொட்டு மழை கிடையாது. முந்தாநாள் ராத்திரிதான் கொட்டித் தீர்த்துது. அந்தக் கருவியோட உடம்புல ரெண்டு உலோகப் புள்ளி இருக்கு. ரெண்டையும் தண்ணி தொட்டா அது தானா விழிச்சுக்கும். கடல்ல விழுந்துட்டோம்னு நெனைச்சுக்கும்.”

“பாவம். அதுக்கு உப்பு ருசி தெரியாது.”

“தண்ணி ஏற ஏற அதுவும் மிதந்து மேலே வந்திருக்கு. தொட்டி வாய்க்குப் பக்கத்துல வந்ததும் வானம் கிடைச்சுது. கூப்பிட ஆரம்பிச்சுது.”

“அப்போ இங்கே போட்டவனுக்கு அது கூப்பிடக் கூடாது.”

“கூப்பிடவே கூடாது. அதனாலதான் தீவிலேயே காஞ்சு கிடந்த குழியாப் பார்த்துப் போட்டிருக்கான். கடல்ல எறிஞ்சா அப்பவே கத்தியிருக்கும்.” வின்கா ஒரு கருங்கல்லைக் காலால் உருட்டினாள். “ஆனா ஒண்ணு யோசி. இங்கே கல்லுக்கா பஞ்சம்? ரெண்டு போடு போட்டிருந்தா அதோட கதை முடிஞ்சுது. ஏன் உடைக்கலை?”

“சோம்பேறி?”

“இவ்வளவு தூரம் மலையேறி வந்தவன் சோம்பேறியா? மனசு வரலை, ஃபிரானே. உடைக்க அவனுக்கு மனசு வரலை.”

காற்று தோட்டத்து வேலியை அசைத்தது. ஃபிரானே பையிலிருந்து கயிற்றையும், முனையில் கட்டிய நாலுமுள் கொக்கியையும் எடுத்தான். மீட்பு ஆட்கள் மிதந்ததை மட்டும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

நாலாவது வீச்சில் ஏதோ மாட்டியது. இழுத்தான். நனைந்த மீன்வலைத் துண்டு ஒன்று தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தது. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் தாங்கி. கருவியைப் படகின் சுவரில் பொருத்தி வைக்கும் உறை.

வின்கா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“மேடம், அது முட்டையில்லை. அடைகாத்தாலும் பொரியாது.”

“இந்தக் கம்பியைப் பாரு.” தாங்கியின் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கம்பி இருந்தது. “படகு ரெண்டு ஆள் ஆழத்துக்குப் போனா, தண்ணியோட அமுக்கத்துல உள்ளே இருக்கிற கத்தி சீறி வந்து இதை வெட்டும். உடனே கருவி பிச்சுக்கிட்டு மேலே போயிடும். இது வெட்டுப்படவே இல்லை.”

“அப்படின்னா இது மூழ்கவே இல்லை.”

“தோஞ்சி போன அன்னைக்கு இது அவன் படகுலயே இல்லை. இப்போ முதுகைப் பாரு.”

தாங்கியின் பின்பக்கத்தில் நீலப் பெயின்ட் தீற்றியிருந்தது. அந்த நீலத்தின் மேல், ஈரத்தில் ஒட்டிப் பிய்ந்தது போல, பச்சை.

“நீலம் தோஞ்சியோட படகு,” என்றான் ஃபிரானே மெதுவாக. “பச்சை?”

“பெயின்ட் காயறதுக்குள்ள இதைத் திருகி மாட்டின ஒருத்தனோட படகு. அவ்வளவு அவசரம். புதுசா பெயின்ட் அடிச்சு, அது காயறதுக்குக்கூட நேரம் இல்லாம அபயக் கருவியை மாட்டறது எப்போ?”

“கல்யாணத்துக்கு முந்தின நாள் பல் தேய்க்கிற மாதிரி. சோதனைக்கு ஆள் வரும்போது.”

“அதான்.”

தாங்கியின் ஓரத்தில் இன்னொன்றும் கட்டித் தொங்கியது. நான்கு பித்தளைத் திருகாணிகள். வின்கா அவற்றை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். முகம் மாறியது. தாங்கியைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தாள்.

*

கொமிஷா துறைமுகத்தில் படகுகளெல்லாம் வெள்ளையும் நீலமுமாக நின்றன. பச்சைப் படகு ஒன்றே ஒன்று.

“இவ்வளவு சுலபமா கிடைச்சா எனக்குச் சம்பளம் எதுக்குன்னு கேப்பீங்களே,” என்றான் ஃபிரானே.

அந்தப் படகில் வலை பிரித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். தாடி பல நாளாகக் கத்தியைப் பார்க்கவில்லை. யாகோவ். தோஞ்சியின் தம்பி.

“அண்ணிதானே உங்களை வரச் சொன்னது?” என்றான். “வாங்க. காபி போடறேன்.”

“காபி அப்புறம்,” என்றாள் வின்கா. படகில் ஏறி, சுக்கான் அறையின் பின்சுவரைப் பார்த்தாள். அங்கே புதிய அபயக் கருவி ஒன்று பளபளவென்று மாட்டியிருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, நாலு துளைகளை மக்கு வைத்து அடைத்து மேலே பச்சை பூசியிருந்தது. அவள் பையிலிருந்து தாங்கியை எடுத்து அந்த நாலு புள்ளிகள்மேல் வைத்தாள். துளைக்குத் துளை பொருந்தியது.

யாகோவின் கையிலிருந்து வலை நழுவியது.

“எங்கே கிடைச்சுது?”

“நீ போட்ட இடத்துல.”

அவன் படகின் விளிம்பில் உட்கார்ந்தான். பிறகு ஒரு பாடத்தை ஒப்பிப்பவன் போல வேகமாகச் சொன்னான்.

“நான்தான் திருடினேன். என் கருவியில பேட்டரி தேதி முடிஞ்சு போச்சு. புதுசு வரலை. மறுநாள் சோதனைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாருன்னு சொன்னாங்க. ராத்திரி அண்ணன் படகுல ஏறி அவனுக்குத் தெரியாம கழட்டிட்டு வந்து என் திருகாணியைப் போட்டு என் படகுல மாட்டினேன். இன்ஸ்பெக்டர் போனதும் திருப்பி வச்சிடலாம்னு நெனைச்சேன். அவன் விடியறதுக்குள்ள போயிட்டான். அவ்வளவுதான். போலீசைக் கூப்பிடுங்க.”

ஃபிரானே வாயைத் திறந்தான். வின்கா கையைக் காட்டி அவனை அடக்கினாள்.

“யாரும் பார்க்கலையா?”

“இல்லை.”

“இருட்டுல, அவசரமா, பயந்துக்கிட்டே கழட்டின.”

“ஆமா.”

வின்கா தாங்கியின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். நான்கு பித்தளைத் திருகாணிகளும் ஒரு கறுப்பு நூலில் வரிசையாகக் கோத்திருந்தன. தைக்கிற நூல். இரண்டாக மடித்து, கடைசியில் சட்டைப் பொத்தானுக்குப் போடும் முடிச்சு.

“தொலைஞ்சு போகக் கூடாதுன்னு கோத்துக் கட்டியிருக்கு,” என்றாள். “திருப்பி மாட்டும்போது தேடக் கூடாதுன்னு. ராத்திரி திருட வந்தவன் ஊசி நூலோடயா வந்தான் யாகோவ்?”

யாகோவின் முகம் கோணிக்கொண்டு போனது. அழுகையை அடக்குகிறான் என்று தெரிந்தது. ஃபிரானே திரும்பி நின்று, எதிர்ப்புறக் கரையில் இல்லாத எதையோ பார்த்தான்.

“அண்ணிதான் கொடுத்தாங்க,” என்றான் யாகோவ் கடைசியில். “சாயந்திரம் அண்ணன் தூங்கிட்டிருந்தான். நான் வந்து கேட்டேன். ‘நாளைக்கு அவன் வலைதான் தைக்கப் போறான், கடலுக்குப் போகலை, எடுத்துக்கோ’ன்னு அவங்களே படகுக்கு வந்து கழட்டிக் கொடுத்தாங்க. அவன் எழுந்ததும் சொல்லிக்கறேன்னாங்க. அவன் எழுந்து சாப்பிட்டான். பேச்சுல மறந்துட்டாங்க. விடியறதுக்கு முன்னாடி மீன் வந்திருக்குன்னு எவனோ கூப்பிட, இவங்களை எழுப்ப வேண்டாம்னு கதவைச் சத்தம் இல்லாம சாத்திட்டுப் போயிட்டான்.”

“அப்புறம்?”

“படகு திரும்பலைன்னு தெரிஞ்சதும் அண்ணி இந்தக் கரைக்கு ஓடி வந்தாங்க. கூட்டத்துல என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க. ‘திருப்பி மாட்டிட்டியா?’ன்னு. அந்த முகத்தைப் பார்த்து இல்லைன்னு எப்படிம்மா சொல்றது? ராத்திரியே மாட்டிட்டேன் அண்ணின்னு சொல்லிட்டேன். அன்னைக்குக் கடல் ஒருத்தனை எடுத்துக்கிச்சு. இல்லைன்னு சொல்லியிருந்தா அவங்களும் அங்கேயே குதிச்சிருப்பாங்க.”

“அதனால கருவி ஏமாத்திடுச்சுன்னு ஊர் பேசினதை விட்டுட்டே.”

“கருவிக்கு மனசு வலிக்காதும்மா.” அவன் வின்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். “உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். நான் திருடினேன்னே சொல்லிடுங்க. என்னைத் திட்டட்டும், மூஞ்சியில துப்பட்டும், இந்த ஊரைவிட்டே போறேன். தன் கையால கழட்டிக் கொடுத்ததாலதான் அவன் போனான்னு மட்டும் அவங்க நெனைக்கக் கூடாது.”

ஃபிரானே தொண்டையைச் செருமினான். “மேடம்...” என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

“எழுந்திரு,” என்றாள் வின்கா யாகோவிடம். “சொல்ல வேண்டியதை நீயே வந்து சொல்லு. நான் குறுக்கே பேச மாட்டேன்.”

*

டோப்ரிலாவின் வீடு துறைமுகத்துக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. மேசையில் மீன் கறியும் மக்காச்சோளக் கூழும் ஆறிக்கொண்டிருந்தன. அவள் தொடவில்லை. நேற்று மலையேறியதில் கிழிந்த கால்களுக்குத் துணி சுற்றியிருந்தாள்.

மூவரையும் பார்த்ததும் எழுந்து நின்றாள். வின்காவின் முகத்தில் தேடினாள். பிறகு யாகோவின் முகத்தில்.

“உயிரோட இல்லை,” என்றாள். கேள்வியாக இல்லை.

“இல்லைம்மா,” என்றாள் வின்கா. “அந்தக் கருவியை அவர் கொண்டு வரலை. மழைத் தண்ணியில அது தானா விழிச்சிருக்கு.”

டோப்ரிலா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஒரு இரவும் ஒரு பகலும் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுபோனதை அந்த அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

யாகோவ் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. அங்கிருந்தே பேசினான்.

“அண்ணி, நான்தான். ராத்திரி வந்து அண்ணன் படகுல இருந்து திருடிட்டேன். உங்களுக்குத் தெரியாம. மாட்டிட்டேன்னு பொய் சொன்னேன். அப்புறம் மலையில கொண்டு போய்ப் போட்டேன். நான்தான் அவனைக் கொன்னேன்.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தில் யாரோ கழுவிய வாளியைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.

“யாகோவ்,” என்றாள். “நான் சமையலறைக் கத்தியால என் கையால திருகிக் கழட்டினேன். ஸ்க்ரூ உருண்டு போயிடும்னு அவன் சட்டைக்குப் பொத்தான் தைச்ச நூல்லயே கோத்துக் கொடுத்தேன். நான் கொடுத்ததை நீ எப்படிடா திருடுவ?”

யாகோவ் வாசலிலேயே மடங்கி உட்கார்ந்தான்.

“உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கா?” என்று ஃபிரானே கேட்டுவிட்டான். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“மறக்கிற விஷயமா தம்பி?” என்றாள் டோப்ரிலா. “அன்னைக்குக் கரையில இவனைக் கேட்டேன். மாட்டிட்டேன்னு சொன்னான். சொல்லும்போது இவன் கண்ணைப் பார்த்தேன். பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. ரெண்டாவது தரம் கேக்கலை. கேட்டா உண்மையைச் சொல்லிடுவானோன்னு பயம். அவன் சொன்ன பொய்யை நானும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். கருவி ஏமாத்திடுச்சுன்னு ஊரோட சேர்ந்து நானும் ஏசினேன். நேத்து அது கூப்பிட்டதும், ஒருவேளை இவன் நெஜமாவே மாட்டியிருப்பானோ, அதை எடுத்துக்கிட்டு அவன் எங்கேயோ கரை ஏறியிருப்பானோன்னு...”

உட்கார்ந்தாள். மேசைத் துணியின் மடிப்பை நீவி நேராக்கினாள்.

“உங்களை ஒண்ணு கேக்கணும்,” என்றாள் வின்காவிடம். “அது படகுல இருந்து, அன்னைக்கே கூப்பிட்டிருந்தா, ஹெலிகாப்டர் வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?”

வின்காவுக்கு அதற்குப் பதில் தெரியும். காலையில் கப்பலேறும் முன்பே மீட்பு நிலையத்தில் விசாரித்துவிட்டாள். அன்று ஹெலிகாப்டர் எண்ணெய் நிரப்பித் தயாராக நின்றிருந்தது. தீவுக்கு வந்து சேர அரை மணி போதும். கோடைக் கடலின் தண்ணீரில் ஒரு மனிதன் மீன்பெட்டியைப் பிடித்துக்கொண்டு அதைவிட எத்தனையோ மடங்கு நேரம் தாக்குப்பிடிப்பான். அவள் பேச வாயெடுத்தாள்.

“எழும்பியே இருக்காதும்மா,” என்றான் ஃபிரானே.

வின்கா திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு தாழ்ந்த குரலில் அவன் பேசி அவள் கேட்டதில்லை.

“அந்தக் காத்துல எந்த ஹெலிகாப்டரும் கிளம்பாது. நான் விசாரிச்சேன். மறுநாள் வரைக்கும் யாரும் எழும்பலை. கருவி இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. நீங்க கொடுத்ததாலயோ இவர் வாங்கினதாலயோ எதுவும் மாறலை.”

டோப்ரிலா அவன் பக்கம் திரும்பினாள்.

“நெவேரா வந்தது காலையில, தம்பி,” என்றாள். “ஒரு அரை மணி நேரம் அடிச்சுது. அப்புறம் ஒரு இலைகூட அசையலை. வெயில் அப்படிக் காய்ஞ்சுது. நான் மாடியில துணி காயப் போட்டேன். அவன் சட்டையையும்தான் போட்டேன்.”

ஃபிரானே தலையைக் குனிந்துகொண்டான்.

“ஆனா நீ சொன்ன,” என்றாள் அவள். “அதுக்கு நல்லா இரு.”

எழுந்தாள். துணி சுற்றிய காலால் மெல்ல நடந்து வாசலுக்குப் போனாள். யாகோவ் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டிருந்தான். அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அவள் அவன் தலைமேல் கையை வைக்கப் போய், வைக்காமல் நிறுத்தி, பிறகு வைத்தாள்.

“பாதிரியார்கிட்டப் போய்ச் சொல்லிட்டு வா,” என்றாள். “அவர் எத்தனை தரம் கேட்டாரு, நான்தான் வேண்டாம் வேண்டாம்னு தள்ளிக்கிட்டே இருந்தேன். ஞாயித்துக்கிழமை உங்க அண்ணனுக்குத் துக்கப் பூசை. சவப்பெட்டி இல்லாமலே நடக்கட்டும்னு சொல்லு.”

“நான் எந்த முகத்தோட அண்ணி...”

“இந்த முகத்தோடதான். முகத்தைக் கழுவிக்கிட்டுப் போ.” அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. “முன் வரிசையில என் பக்கத்துல உக்காரு. எனக்கு அன்னைக்குப் பிடிச்சுக்க ஆள் வேணும்டா.”